ஓசிடிக்கு தெரபிஸ்ட் தேடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேண்டாத எண்ணங்கள் வந்து வந்து தொல்லை தர, அவற்றைத் தணிக்கச் சில சடங்குகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய்தான் ஓசிடி. நமக்கு இருப்பது ஓசிடி என்று தெரிந்துகொள்வது பாதி வேலைதான். அதற்கு முறையாக வைத்தியம் பார்க்கத் தெரிந்தவரைப் பிடிப்பது மீதிப் பாதி, பல பேர் அங்கேதான் வருஷக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். நான் மருத்துவன் இல்லை. ஓசிடியோடு நீண்ட நாள் குடித்தனம் நடத்தியவன், தெரபியால் பலன் கண்டவன், என்னைப் போன்றவர்கள் வந்து கேட்கும்போது தெரிந்ததைச் சொல்கிறவன், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

எனக்கு இருப்பது ஓசிடிதான் என்று உறுதியாகத் தெரியவில்லை. தெரியாமல் எப்படி தெரபிஸ்ட்டைத் தேடுவது?

தாராளமாகத் தேடலாம். இன்ன நோய் என்று சொல்வது அவர்கள் வேலை. நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. வேண்டாம் என்று தள்ளினாலும் வந்து உட்காரும் எண்ணமோ காட்சியோ உந்துதலோ இருக்கிறதா? அது கிளப்பும் பயத்தையோ அருவருப்பையோ தணிக்க எதையாவது திரும்பத் திரும்பச் செய்கிறீர்களா? கழுவுவது, சரிபார்ப்பது, எண்ணுவது, மனதுக்குள் ஜெபிப்பது, பக்கத்தில் இருப்பவரிடம் 'ஒன்றும் ஆகாதுதானே' என்று கேட்பது, எல்லாமே இதில் சேர்த்தி. இவை தினமும் 1 மணி நேரத்துக்கு மேல் தின்கின்றன, அல்லது வேலையையும் படிப்பையும் உறவையும் கெடுக்கின்றன என்றால் போய்க் காட்ட அதுவே போதும். இணையத்தில் இருக்கும் 'உங்களுக்கு ஓசிடியா?' பரீட்சைகளை ஒருமுறை எழுதிப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தால், அந்தப் பழக்கத்தையும் தெரபிஸ்ட்டிடம் சொல்லுங்கள்.

மனநல மருத்துவரா, உளவியலாளரா, கவுன்சலரா? யாரிடம் போவது?

மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மாத்திரை எழுதித் தருவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எனப்படும் உளவியலாளர் பெரும்பாலும் பேச்சு வழி, பயிற்சி வழிச் சிகிச்சை செய்வார். கவுன்சலர் என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் படிப்பும் பயிற்சியும் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும், அதனால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் இந்தப் பட்டங்களைவிட முக்கியமான ஒன்று உண்டு. இவருக்கு ஈஆர்பி (ஓசிடிக்கென்றே உள்ள பயிற்சி முறை, அடுத்த கேள்வியில் விளக்குகிறேன்) செய்யத் தெரியுமா, செய்திருக்கிறாரா? பெயருக்குப் பின்னால் ஒரு முழம் எழுத்து போட்டுக்கொண்டு ஓசிடிக்கு வெறும் ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், சின்ன அறையில் உட்கார்ந்து அருமையாக ஈஆர்பி செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எல்லாரும் ஈஆர்பி ஈஆர்பி என்கிறார்களே, அது என்ன?

எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் ப்ரிவென்ஷன் என்பதன் சுருக்கம். பயத்தைக் கிளப்பும் விஷயத்தின் முன் தெரிந்தே போய் நிற்பது, நின்ற பிறகு வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருப்பது. 1966-இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் லண்டனில் இரண்டு நோயாளிகளிடம் இப்படிச் செய்து பலன் கண்டதை எழுதினார். அதுவரை ஓசிடி என்றாலே தீராத கேஸ் என்று கைவிட்டுவிடுவார்கள். பிறகு எட்னா ஃபோவா போன்ற உளவியலாளர்கள் இதைப் பல ஆய்வுகளில் சோதித்து முறைப்படுத்தினார்கள். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி என்ற பெரிய சிகிச்சைக் குடும்பத்தில் ஈஆர்பி ஒரு உறுப்பினர்.

நடைமுறையில் எப்படி இருக்கும்? வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் பத்து தடவை இழுத்துப் பார்ப்பவர் என்று வையுங்கள். தெரபிஸ்ட் அவரோடு உட்கார்ந்து முதலில் ஒரு பட்டியல் போடுவார்: எது எவ்வளவு பதற்றம் தரும், 0-இலிருந்து 100 வரை. கதவை ஒருமுறை பூட்டிச் சாவியை உடனே பையில் போடுவது 40, திரும்பிப் பார்க்காமல் தெருமுனை வரை போவது 60, பூட்டியதாக ஞாபகமே இல்லாத நாளில் அப்படியே வெளியூர் கிளம்புவது 95. நடுவாந்திரத்தில் ஒன்றை எடுத்து ஆரம்பிப்பார்கள். பூட்டுகிறார், நடக்கிறார், கை பரபரக்கிறது. தெரபிஸ்ட் பக்கத்தில் வந்துகொண்டே, "பூட்டியிருக்கலாம், பூட்டாமலும் இருந்திருக்கலாம், இன்றைக்குத் தெரியாமலே போகட்டும்" என்பார். 'பூட்டிவிட்டீர்கள், நான் பார்த்தேன்' என்று மட்டும் சொல்லவே மாட்டார். அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கத் தெரிவதில்தான் ஓசிடி தெரபிஸ்ட்டின் திறமை பாதி இருக்கிறது. சொறியச் சொறிய அரிப்பு கூடுகிற மாதிரி, ஒவ்வொரு சரிபார்ப்பும் அடுத்த சந்தேகத்துக்குத் தீனி போடும்.

தெரபிஸ்ட்டுகளின் பெயர் எங்கே கிடைக்கும்?

சர்வதேச ஓசிடி அறக்கட்டளை 1986-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது, அவர்கள் தளத்தில் தெரபிஸ்ட்டுகளைத் தேடும் வசதி உண்டு, மற்ற நாட்டுக்காரர்களும் அதில் இருக்கிறார்கள். அது போக மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவு, பல்கலைக்கழக உளவியல் துறைகள் நடத்தும் பயிற்சி கிளினிக், ஓசிடி உள்ளவர்களின் குழுக்கள். பட்டியலில் பெயர் இருப்பதை ஒரு சான்றிதழாக நினைக்க வேண்டாம். யார் பெயர் கிடைத்தாலும் அடுத்த கேள்வியில் உள்ளதைச் செய்யுங்கள்.

முதல்முறை போனில் பேசும்போது என்ன கேட்பது? கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ?

கேட்கலாம், கேட்க வேண்டும். பத்து நிமிஷம் பேச நேரம் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள், பல பேர் தருவார்கள்.

"ஓசிடிக்கு என்ன முறையில் சிகிச்சை செய்வீர்கள்?" என்று ஆரம்பியுங்கள். 'ஈஆர்பி செய்வீர்களா?' என்று நீங்களே வார்த்தையை எடுத்துக் கொடுத்தால் 'ஆமாம்' என்று வந்துவிடும், அதனால் ஒன்றும் தெரியாது. பொதுவாகக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "உங்களுக்கு எது பயம், அதற்கு என்ன செய்கிறீர்கள் என்று முதல் இரண்டு மூன்று செஷனில் விவரமாகப் பார்ப்போம், பிறகு படிப்படியாக அந்தப் பயத்தின் பக்கத்தில் போய்ப் பழகுவோம், வீட்டில் செய்யப் பயிற்சி தருவேன்" என்று வந்தால் நல்ல அறிகுறி. "மனதை அமைதிப்படுத்தக் கற்றுத்தருவேன், பாசிட்டிவாக நினைக்கப் பழகலாம், சின்ன வயதில் என்ன நடந்தது என்று ஆராய்வோம்" என்பதோடு முடிந்தால், அவர் மற்ற பிரச்சினைகளுக்கு நல்ல தெரபிஸ்ட்டாக இருக்கலாம், உங்களுக்கு இப்போது தேவைப்படுகிறவர் இல்லை.

அப்புறம், ஓசிடி உள்ளவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார், என்னென்ன வகை, செஷன் நடுவிலேயே பயிற்சி செய்வாரா இல்லை வீட்டுப்பாடமாக மட்டும் தருவாரா, தேவைப்பட்டால் அறையை விட்டு வெளியே வருவாரா, முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பார். கடைசிக் கேள்விக்குப் பல பேர், ஓசிடி எவ்வளவு கடுமை என்று அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோல் என்பார்கள். 1989-இல் வெளியானது, 10 கேள்விகள், 0 முதல் 40 வரை மதிப்பெண், 16-ஐ எட்டினால் நடுத்தரம், 24-ஐ எட்டினால் கடுமை என்று வழக்கமாகக் கணக்கு வைப்பார்கள். ஆய்வுகளில் ஆரம்ப மதிப்பெண் 35 சதவீதம் குறைந்தால் சிகிச்சைக்குப் பலன் தெரிகிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அளக்காமலே வருஷக்கணக்கில் 'போய்க்கொண்டிருக்கிறது' என்கிற தெரபி எனக்கு உவப்பில்லை.

இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படுகிறவர் முதல் போனிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று சந்தோஷப்படுங்கள்.

என்ன சொன்னால் உடனே நழுவ வேண்டும்?

கையில் ரப்பர் பேண்ட் மாட்டிக்கொள், கெட்ட எண்ணம் வந்தால் சுண்டிவிடு என்றால். எண்ணத்தை அடக்கச் சொல்லும் பழைய முறை அது, அடக்க அடக்க அது பெரிதாகும். ஒவ்வொரு செஷனிலும் 'நீங்கள் நல்லவர், அப்படியெல்லாம் செய்யமாட்டீர்கள்' என்று சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தால். இத்தனை நாளில் முழுசாகக் குணம், கேரண்டி என்றால். 'எனக்கும் கொஞ்சம் ஓசிடி உண்டு, மேஜை சுத்தமாக இருக்க வேண்டும்' என்று சிரித்தால், அது விரட்டும் அளவுக்குக் குற்றம் இல்லை, ஆனாலும் கொஞ்சம் யோசிக்கலாம்.

எனக்கு வரும் எண்ணங்கள் படுமோசமானவை. வெளியே சொன்னால் என்னைக் குற்றவாளி என்று நினைத்துவிட்டால்?

ரொம்பப் பேர் தெரபிஸ்ட்டிடம் போகாமலே இருப்பதற்கு இதுதான் காரணம், போனாலும் கழுவுவதைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைத்துக்கொண்டு வருவதற்கும் இதுதான். பச்சைக் குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ, கத்தியைப் பார்த்தால் அம்மாவைக் குத்திவிடுவேனோ, பிரார்த்தனையின் நடுவில் கடவுளைப் பற்றிக் கேவலமான காட்சி, வாய்விட்டுச் சொல்லவே கூசும் பாலியல் எண்ணங்கள். இவை எல்லாமே ஓசிடியில் சகஜமாக வருபவை. யேல்-பிரவுன் அளவுகோலோடு ஒரு அறிகுறிப் பட்டியல் உண்டு, அதை வாங்கிப் பாருங்கள்: உலகத்தில் உங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த எண்ணம், பக்கத்தில் டிக் அடிக்க ஒரு கட்டத்தோடு, அச்சடித்துக் கிடக்கும். 1978-இல் ராக்மன், டி சில்வா என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வில், எந்த நோயும் இல்லாதவர்களில் பெரும்பாலானவர்களுக்கும் இந்த மாதிரி எண்ணங்கள் வருவது தெரிந்தது. அவர்கள் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நம்மால் விட முடிவதில்லை.

எண்ணம் வந்து நடுங்குவது வேறு, செய்ய வேண்டும் என்ற நோக்கம் வேறு. ஓசிடி தெரிந்தவருக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும். தெரியாதவர் பதறிவிடக்கூடும் என்பதும் உண்மைதான், அனுபவம் உள்ளவரையே தேடச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். முதல் செஷனில் "நான் சொல்வதை எந்தச் சூழ்நிலையில் வெளியே சொல்வீர்கள்?" என்று நேராகக் கேட்டுவிடலாம், அவர்கள் விளக்க வேண்டும். வாய் வரவில்லை என்றால் எழுதி நீட்டுங்கள். பட்டியலில் டிக் அடித்தும் கொடுக்கலாம்.

உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்று மனம் நினைக்கத் தொடங்கியிருந்தால் மட்டும், நல்ல தெரபிஸ்ட் கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே பக்கத்து மருத்துவமனை, உங்கள் நாட்டின் உதவி எண், கூட இருப்பவர் யாராவது, யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

நான் எதையும் கழுவுவதில்லை, சரிபார்ப்பதில்லை. எல்லாம் மண்டைக்குள்தான். ஈஆர்பி எனக்கு ஒத்துவருமா?

ஒத்துவரும். மண்டைக்குள்ளும் சடங்கு உண்டு. நடந்ததைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது, கெட்ட எண்ணத்துக்கு எதிராக ஒரு நல்ல எண்ணத்தை வைப்பது, 'நான் உண்மையில் இவரைக் காதலிக்கிறேனா' என்று உள்ளே விசாரணை நடத்திக்கொண்டே இருப்பது. நிறுத்த வேண்டியது இவற்றைத்தான். வெளியே தெரியாததால் அனுபவம் இல்லாத தெரபிஸ்ட் கோட்டைவிடுவார். போனில் "மனதுக்குள் செய்யும் சடங்குகளை எப்படிக் கையாள்வீர்கள்?" என்ற கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் யாரும் இல்லை. ஆன்லைனில் பார்க்கலாமா?

பார்க்கலாம். வீடியோ வழியாகச் செய்யும் ஈஆர்பியும் நன்றாகவே வேலை செய்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு வசதியும் உண்டு: உங்கள் பயம் குடியிருப்பது உங்கள் வீட்டில்தான், அடுப்பும் குழாயும் கதவும் அங்கேதான் இருக்கின்றன, போனைத் தூக்கிக்கொண்டு நேரே அங்கே போய்விடலாம். ஆனால் சில நாடுகளிலும் மாநிலங்களிலும் தெரபிஸ்ட் தனக்கு உரிமம் உள்ள இடத்தில் இருப்பவர்களை மட்டுமே பார்க்கலாம் என்று சட்டம் இருக்கிறது, பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரை போட வேண்டுமா?

அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பொதுவாக, லேசாக இருந்தால் ஈஆர்பி மட்டும் போதலாம், கடுமையாக இருந்தால் இரண்டும் சேர்த்து. ஃப்ளூவாக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸமின், செர்ட்ராலின் போன்றவைதான் முதலில் தருவது, பழைய மருந்தான க்ளோமிப்ரமினும் பயன்பாட்டில் இருக்கிறது. மனச்சோர்வுக்குத் தருவதைவிட ஓசிடிக்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். இரண்டே வாரத்தில் 'ஒன்றும் பிரயோஜனம் இல்லை' என்று தூக்கிப் போடுகிறவர்கள் அதிகம். நீங்களாக ஒருநாள் திடீரென்று நிறுத்தக் கூடாது. மாத்திரை போடுவது தோல்வியும் இல்லை, போடாமல் சமாளிப்பது வீரமும் இல்லை.

எத்தனை செஷன் ஆகும்?

வாரம் ஒன்று என்றால் 12 முதல் 20 வரை என்பது வழக்கமான கணக்கு. வாரத்துக்கு இரண்டாகவோ தினமுமாகவோ செய்யும் தீவிர முறைகளும் உண்டு. வீட்டில் பயிற்சி செய்யாமல் செஷனுக்கு மட்டும் போய்வந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

செலவு தாங்கவில்லை.

பயிற்சி கிளினிக்குகளில் குறைவாக வாங்குவார்கள், மேற்பார்வையில் இருக்கும் பயிற்சி தெரபிஸ்ட் பல நேரம் அனுபவசாலியைவிட அக்கறையாகவே செய்வார். குழுவாக நடக்கும் ஈஆர்பி இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று தெரபிஸ்ட்டிடமே கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

தெரபி ஆரம்பித்ததிலிருந்து பதற்றம் கூடிவிட்டது. தப்பான ஆளிடம் மாட்டிக்கொண்டேனா?

ஆரம்பத்தில் கூடத்தான் செய்யும். இத்தனை நாள் ஓடி ஒளிந்த இடத்துக்கு இப்போது தினமும் போகிறீர்கள். கவனிக்க வேண்டியது வேறு. பயிற்சி எது என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்கிறீர்களா, அல்லது அவர் திணிக்கிறாரா? முடியாது என்று சொல்ல இடம் இருக்கிறதா? ஏன் இதைச் செய்கிறோம் என்று விளக்குகிறாரா? நல்ல தெரபிஸ்ட் உங்களைத் தள்ளிவிட மாட்டார், உங்களோடு சேர்ந்து இறங்குவார், குப்பைத்தொட்டியைத் தொடச் சொன்னால் முதலில் தானே தொடுவார். உங்கள் நெறிக்கோ மதத்துக்கோ உண்மையிலேயே விரோதமான காரியத்தைச் செய்யச் சொல்வதும் ஈஆர்பி இல்லை.

மூன்று பேரைப் பார்த்துவிட்டேன், பேசியும் பார்த்தேன். ஆனாலும் இவர்தான் சரியானவரா என்று சந்தேகம் தீரவில்லை. எப்படி உறுதி செய்வது?

உறுதி செய்ய முடியாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஓசிடி இந்தத் தேடலுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். ஒவ்வொரு தெரபிஸ்ட்டின் விமர்சனங்களையும் திரும்பத் திரும்பப் படிப்பது, அவர் அனுப்பிய மின்னஞ்சலில் இருக்கும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அரை நாள் யோசிப்பது, 'ஒருவேளை எனக்கு ஓசிடியே இல்லாமல் நான் ஏமாற்றுகிறேனோ' என்று அப்பாயின்ட்மென்ட்டுக்கு முந்தின நாள் ரத்து செய்வது, இன்னும் ஒரே ஒருவரை மட்டும் கேட்டுவிடுகிறேன் என்று மறுபடி ஆரம்பிப்பது. வெளியில் பார்த்தால் பொறுப்பாகத் தேடுகிற மாதிரிதான் இருக்கும். பூட்டை இழுத்துப் பார்க்கிற அதே கைதான் இங்கேயும் வேலை செய்கிறது.

என் யோசனை இது. ஈஆர்பி தெரிந்தவர், ஓசிடி பார்த்த அனுபவம் உள்ளவர், பேசும்போது மரியாதையாக நடத்துகிறவர், இந்த மூன்றும் இருந்தால் ஏறக்குறைய சரி என்ற அளவிலேயே முடிவெடுங்கள். ஆறு முதல் எட்டு செஷன் வரை அவரை மாற்றுவதைப் பற்றி யோசிப்பதில்லை என்று வைத்துக்கொண்டு, அதன் பிறகு யேல்-பிரவுன் மதிப்பெண்ணைப் பார்த்துப் பேசுங்கள். அவர் தரக்குறைவாக நடந்தாலோ எல்லை மீறினாலோ அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றைக்கே வெளியே வந்துவிடலாம். மற்றபடி 'இவர் தப்பான ஆளாகவும் இருக்கலாம்' என்ற சந்தேகத்தோடேயே போய் உட்காருங்கள். உட்கார்ந்ததும் அந்தச் சந்தேகத்தையே முதலில் அவரிடம் சொல்லுங்கள், உங்கள் முதல் பயிற்சி அதுவாகவே அமையலாம்.

எனக்கில்லை, என் வீட்டில் இருப்பவருக்கு. வரவே மாட்டேன் என்கிறார்.

அப்படியென்றால் நீங்கள் போங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஓசிடி உள்ள வீட்டில் மற்றவர்களும் சடங்கில் பங்கெடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள்: அவருக்காகக் கதவைச் சரிபார்ப்பது, கேட்டதற்கெல்லாம் 'ஒன்றும் ஆகாது' என்பது, வெளியிலிருந்து வந்தால் துணி மாற்றிவிட்டு உள்ளே நுழைவது. அன்பால் செய்வதுதான், ஆனால் ஓசிடிக்குத்தான் அது ஊட்டம். இதை எப்படிச் சண்டையில்லாமல் படிப்படியாகக் குறைப்பது என்று குடும்பத்தாருக்குச் சொல்லித்தரும் தெரபிஸ்ட்டுகள் இருக்கிறார்கள். குழந்தைகளுக்காக யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் உருவாக்கிய ஸ்பேஸ் என்ற முறையில் பெற்றோர் மட்டும் வந்தால் போதும், பிள்ளை வர வேண்டியதே இல்லை. நாளையிலிருந்து எல்லா உதவியையும் ஒரேயடியாக நிறுத்திவிடுவது மட்டும் வேண்டாம்.

குழந்தைக்கும் இதே சிகிச்சைதானா?

அதேதான், விளையாட்டும் பெற்றோரின் பங்கும் கூடுதலாக இருக்கும். 2004-இல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரை உள்ளவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், சிபிடியும் செர்ட்ராலினும் சேர்ந்ததே அதிகப் பலன் தந்தது. குழந்தைகளோடு பழகத் தெரிந்தவரா என்று தனியாகக் கேளுங்கள்.

ஈஆர்பி செய்தேன், பலன் இல்லை.

செய்தது ஈஆர்பிதானா என்று முதலில் பார்க்க வேண்டும். பயத்தின் முன் நின்றுகொண்டே மனதுக்குள் சடங்கை ஓட்டியிருந்தால் பாதிதான் நடந்திருக்கிறது. உண்மையாகவே செய்தும் பலன் இல்லை என்றால் செஷன்களை அடிக்கடி வைப்பது, மாத்திரையைச் சேர்ப்பது அல்லது மாற்றுவது, ஏசிடி (எண்ணத்தோடு சண்டை போடாமல் வாழப் பழக்குவது), ஐ-சிபிடி (சந்தேகம் எப்படிக் கிளம்புகிறது என்று பார்ப்பது) போன்ற மற்ற தெரபிகள் என்று வழிகள் உண்டு. டிஎம்எஸ் எனப்படும் காந்தத் தூண்டல் சிகிச்சைக்கு 2018-இல் அமெரிக்காவில் ஓசிடிக்காக அனுமதி கிடைத்தது, ஆனால் அது முதல் படி இல்லை.

முதல் அப்பாயின்ட்மென்ட்டுக்கு என்ன எடுத்துக்கொண்டு போவது?

ஒரு சாதாரண நாள் எப்படிப் போகிறது என்று ஒரே ஒரு பக்கம்: காலையில் எழுந்ததிலிருந்து எங்கெங்கே மாட்டிக்கொள்கிறீர்கள், எவ்வளவு நேரம், எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள். இப்போது போடும் மாத்திரைகள், முன்பு பார்த்த சிகிச்சைகள். அந்தப் பக்கத்தை அடித்து அடித்துத் திருத்தி எழுத வேண்டாம், பிழையோடே கொடுங்கள். யாரிடமும் சொல்லாத எண்ணம் ஏதாவது இருந்தால் அதைக் கிளம்பும் நேரத்தில், கதவுப்பிடியில் கையை வைத்துக்கொண்டு சொல்லாமல், முதல் பத்து நிமிஷத்திலேயே சொல்லிவிடுங்கள்.